முன்னே என்றால் பின்னே

ஒரு சாயங்காலம் தையல்காரம்மா ரிமோட்டில் 'முன்னே' என்ற பட்டனை அமுக்கினாள். வண்டி பின்னே போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது.

"ரிவர்ஸ் நல்லா எடுக்குதே," என்றார் கணவர். கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது அவர் தொழில். "என்கிட்ட வர்றவங்களுக்கு இது சுலபத்துல வராது."

"நான் முன்னாடி போகத்தான் சொன்னேன்."

"இந்த வீட்ல யார் சொன்னதை யார் கேக்கறாங்க, அது கேக்க?"

அவள் குப்புறப் படுத்து, துடைப்பக் கட்டையால் வண்டியை வெளியே இழுத்தாள். நாலு சக்கரம், இரண்டு மோட்டார், ஒரு பேட்டரி, நடுவே சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி வயர்கள். எல்லாவற்றையும் உதிரியாக ஒரு பெட்டியில் வாங்கி, வீடியோ பார்த்து அவளே பூட்டியது.

விளையாட்டுக்காக இல்லை. ஊருக்கு வெளியே ஒரு மருந்துக் கிடங்கில் தானே ஓடும் தள்ளுவண்டிகளைப் பழுது பார்க்க ஆள் தேடினார்கள். படிப்பு முக்கியமில்லை, சொந்தமாகக் கற்றுச் செய்த ஏதாவது ஒன்றை ஓட்டிக் காட்டினால் போதும் என்று மேனேஜரம்மா போனில் சொல்லியிருந்தார். அடுத்தவர் சட்டைக்குக் காஜா எடுத்தே கண் பூத்துப்போன தையல்காரம்மாவுக்கு அது காதில் தேனாக விழுந்தது. தையல் மிஷின் மோட்டாரையே கழற்றி மாட்டிய கைக்கு இது எம்மாத்திரம் என்று இறங்கிவிட்டாள்.

பின்னே போகிறது என்றால் வயர் இடம் மாறியிருக்க வேண்டும். அன்று ராத்திரியே இரண்டு வயரையும் மாற்றி மாட்டினாள். மறுநாள் பகலில் 'முன்னே' என்றாள். வண்டி ஒழுங்காகப் பின்னே போனது. 'பின்னே' என்றாள். முன்னே வந்தது.

அப்படியானால் முதலில் மாட்டியதுதான் சரியா? தலையைச் சொறிந்துகொண்டே வயரைப் பழையபடி மாற்றினாள். இப்போது வண்டி சொன்ன பேச்சு தட்டவில்லை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் கணவரையும் மாமனாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். 'முன்னே' என்று அமுக்குவதற்கு முன்பே வண்டி வலது பக்கம் திரும்பி, கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, மாமனாரின் ஒற்றைச் செருப்பைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டது.

"ஏம்மா, அந்தச் செருப்பு எனக்கு வேணும்," என்றார் மாமனார்.

"வந்துரும் மாமா."

"எப்போ?"

அது அவளுக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் இதே கூத்துதான். பகலில் வண்டி பசு, சாயங்காலம் புலி. சூடு ஏறுகிறதோ என்று சின்ன விசிறி ஒன்றைப் பூட்டினாள். புலிக்குக் காற்று வாங்கிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. டிவியின் அலை குழப்புகிறதோ என்று டிவியை நிறுத்தினாள். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், வண்டி திருந்தவில்லை. சுவரில் முட்டாமல் நிற்கட்டும் என்று முன்பக்கம் ஒரு சென்சார் கண்ணைப் பொருத்தினாள். இப்போது அது சுவரைக் கண்டதும் நின்று, திரும்பி, இன்னும் தூரமாக ஓடியது. கடைசியில் நாடாவால் ஸ்டூல் காலில் கட்டிப் போட்டாள். வண்டி ஸ்டூலையே சாய்த்தது. மேலே இருந்த நூல்கண்டுகள் வீடு முழுக்க உருண்டு, கதவைத் திறந்து உள்ளே வந்த கணவர் சிலந்தி வலையில் பூச்சியாகச் சிக்கிக்கொண்டார்.

"இதுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா, எனக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டர்கிட்ட காட்டிரலாம்," என்றார், காதில் சுற்றிய நூலைப் பிரித்தபடி.

மேனேஜரம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் வருவதாகச் சொன்னார். தையல்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலையில்தான் பசுவாயிற்றே.

"வணக்கம் மேடம். இப்போ வண்டி முன்னாடி வரும்," என்று பட்டனை அமுக்கினாள்.

வண்டி நேரே பின்னால் போனது.

இன்னொரு முறை அமுக்கினாள். இடது பக்கம் திரும்பியது. பகலிலும் புலியாகிவிட்டது. காது மடல் சுட, அவள் ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டாள். வண்டி அதைச் சட்டை செய்யவில்லை. நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தது. சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்று, திரும்பியது. மாமனாரின் செருப்பைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் காலடியிலேயே நிறுத்தியது. அவர் போட்டுக்கொண்டார்.

மேனேஜரம்மா திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

"ரிமோட்டைக் கீழ வெச்சிட்டீங்களே?"

"வெச்சிட்டேன் மேடம்."

"அப்போ அதை யார் ஓட்டறாங்க?"

தையல்காரம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "யாரும் இல்ல மேடம். அதுவாத்தான் போகுது."

"எங்க வண்டிங்க கோடு போட்ட இடத்தை விட்டு நகராது. இதை நீங்களே கத்துக்கிட்டீங்களா?"

"நானேதான் கத்துக்கிட்டேன். ஆனா எனக்கே சரியா..."

"அடக்கமா பேசறீங்க. நாளைக்கே வேலைக்கு வந்துருங்க. வண்டியையும் எடுத்துட்டு வாங்க, எங்க ஆளுங்களுக்கு நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும்."

திரை அணைந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது? எப்படி ஓடுதுன்னு எனக்கே தெரியலையே."

"வேலை கெடச்சிருச்சுல்ல. காரணத்தை மெதுவா கண்டுபுடி."

"அறிவுள்ள வண்டிம்மா," என்றார் மாமனார், செருப்பைப் பார்த்தபடி.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் நின்றிருந்தார். காலையில் கிளினிக்குப் போனால் சாயங்காலம்தான் வீடு திரும்புகிறவர், ஞாயிறு மட்டும் விடுமுறை. அவர் கையில் ஒரு ரிமோட் இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா," என்றார். "நீங்க வாங்கின அதே பெட்டியைத்தான் நானும் வாங்கி வீடியோ பாத்துப் பூட்டினேன், ஆனா தினமும் சாயங்காலம் உக்காந்து இதுல இருக்கிற எல்லாப் பட்டனையும் அமுக்கறேன், இன்னைக்குக் காலையிலேர்ந்தும் அமுக்கறேன், என் வண்டி இம்மிகூட நகர மாட்டேங்குது."