என் மனைவியின் துப்பாக்கிக்கு நான் தேர்ந்தெடுத்த விசை

சுர்ப்ளான், கீழ் எங்காடின்
ஜூன் பதினொன்று

மதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய மச்சான் ஜாச்சென் அவர்களுக்கு,

இங்கு நாங்கள் நலம். உங்கள் முழங்காலும் பதினொரு பசுக்களும் நலமாயிருக்க வேண்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் போட்டியில் நீங்கள் சுட்டு முடித்த கையோடு, பால் கறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டபடியால், பிறகு நடந்ததைத் தெரிவிப்பது தங்கை கணவனின் கடமை என்று எழுதுகிறேன். பெருமையடிக்க அல்ல. பெருமை தானாக வந்து விழுந்தால் நான் பொறுப்பில்லை.

ஜனவரியில் எங்கள் வீட்டில் வால்நட் கேக்கை வெட்டிக்கொண்டே நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "போட்டிக்கு எட்டுப் பேர் வேணும், உங்க துப்பாக்கிச் சங்கத்துல ஏழே பேர். பேசாம எங்க சங்கத்தோட சேர்ந்துடுங்க டூரி, பெயர்ப்பலகையைக்கூட நாங்களே கழட்டி எடுத்துக்கிறோம்" என்றீர்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உங்கள் தங்கை மெங்கியா திரும்பாமலே, "எட்டாவது ஆளா நான் வர்றேன்" என்றாள். நீங்கள் கேக் புரையேறும் அளவுக்குச் சிரித்தீர்கள். "நீயா? முப்பத்தஞ்சு வருசம் பிரசவம் பாத்தவ, துப்பாக்கியையும் துணியில சுத்தித் தாய் கையில கொடுத்துடுவே!" என்றீர்கள். அன்று உங்களுக்கு இரண்டாவது துண்டு கேக் கிடைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஏப்ரலில் பனி உருகியதும் அவளைச் சங்கத்தின் பழைய துப்பாக்கியோடு சுடும் திடலில் குப்புறப் படுக்க வைத்தோம். அதன் விசை எங்கள் மலை ரயிலின் கைப்பிரேக்கைப்போல, இழுக்க இழுக்க வராது, வரும்போது ஆளையே உலுக்கிவிட்டு வரும். முதல் பத்தில் ஆறு குண்டுகள் இலக்குப் பலகையிலேயே இல்லை. துப்பாக்கி பழுதுபார்க்கும் அன்னெட்டா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அக்கா கை நல்ல கை. விசைதான் சரியில்ல. கத்துக்கிறவங்களுக்கு ரெண்டு கட்டமா போற விசை போடணும். முதல்ல கொஞ்சம் லேசா வரும், ஒரு இடத்துல முட்டி நிக்கும், அங்கே நிதானிச்சு அழுத்தினாப் போதும்" என்றாள். அவளுக்கு முப்பது வயது. நான் நாற்பது வருடமாகச் சுடுகிறவன். இடையில் ஓரிரு வருடங்கள் எல்லோரையும்விடக் குறைந்த புள்ளி எடுத்திருக்கிறேன் என்பதால் அனுபவம் இல்லையென்று ஆகிவிடாது. ஆகவே மறுநாளே, யாரிடமும் சொல்லாமல், ரயில் பிடித்துக் கூர் நகரத்துக்குப் போய், கடையிலேயே மிக மிக மென்மையான விசையை வாங்கி வந்தேன். கடைக்காரர், "நினைச்சாப் போதும், போயிடும்" என்றார்.

அது உண்மைதான். மெங்கியா முதன்முதலாக அதன்மேல் விரலை வைத்தாள், அவ்வளவுதான், எதிரே இருந்த புல்மேட்டில் மண் பறந்தது. இரண்டாவது முறை விரல் படவேயில்லை என்று சத்தியம் செய்கிறாள். நான் அவள் காதருகே குனிந்து, மூச்சை எப்படி விடவேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். டமால்! சங்கத் தலைவர் பைடர் ஓடி வந்து, "நிறுத்து! நிறுத்து! யார் சுடச் சொன்னது?" என்று கத்தினார். மெங்கியா எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டு, "நான் சுடலை. இவரு பேசுனதுக்கே வெடிச்சிடுச்சு" என்றாள். அன்று மாலை சிற்றுண்டிக் கூடத்தில் சுட்ட தொத்திறைச்சியைவிட இந்த வாக்கியம்தான் அதிகம் விற்றது.

நான் மனம் தளரவில்லை. புது எந்திரம் எதுவும் பழக நாளாகும் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவளும் மறுத்துப் பேசாமல், துப்பாக்கியைத் துடைக்கக் கொடுக்கிறேன் என்று அன்னெட்டாவிடம் ஒருநாள் கொண்டுபோய் வந்தாள். நான் சொன்னபடியே நடந்தது மச்சான்! மே கடைசியில் விசை அப்படியே படிந்துவிட்டது. நூற்றுக்கு எண்பத்தைந்து, எண்பத்தெட்டு, தொண்ணூறு. "பாத்தியா, நான் வாங்கின விசை?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். "பாத்தேங்க" என்று அடக்கத்தோடு சொன்னாள்.

ஞாயிறு காலை சோதனை மேசையில்தான் என் உயிர் போய்த் திரும்பியது. விசையில் ஒன்றரைக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிடுவார்கள், தாங்காத விசை போட்டியில் கிடையாது என்ற விதியை எனக்கு யாருமே நினைவூட்டவில்லை. நினைத்தாலே போய்விடும் விசை ஒன்றரைக் கிலோவைத் தாங்குமா? எட்டில் ஒன்று போனால் சங்கமே போச்சு. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டேன். "ம், சரியா இருக்கு. அடுத்த ஆள்" என்று குரல் கேட்டது. தாங்கிவிட்டது! தொட்டால் இறகு, தொங்கவிட்டால் இரும்பு. என்ன வேலைப்பாடு!

அவள் படுத்தாள். நான் பத்தடி பின்னால், பைடரின் ஆணைப்படி வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் அவசரமே இல்லாமல் காத்திருந்தாள். எப்படி இவ்வளவு பொறுமை என்று அன்னெட்டா பிறகு கேட்டபோது, "புள்ளை வர்ற நேரத்துல வரும், நாம கையை மட்டும் தயாரா வச்சுக்கணும்" என்றாளாம். மச்சான், இந்த முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ வீட்டு வாசல்களில், பனியில் வண்டிக்குள் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருக்கிறேன். கதவு சாத்தியிருக்கும். அவள் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்தேன். தொப்பி மறுபடியும் முகத்துக்குத் தேவைப்பட்டது.

தொண்ணூற்று மூன்று. நல்ல புள்ளிக்குத் தரும், இலைமாலை பொறித்த பதக்கத்தைப் பைடரே அவள் சட்டையில் குத்தினார். எங்கள் பெயர்ப்பலகை இருந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் புள்ளி தொண்ணூற்றிரண்டு என்று புள்ளிப் பலகையில் பார்த்தேன். அதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

வீட்டில் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் புல்வெளி செழிக்கட்டும், உங்கள் கண் மங்காதிருக்கட்டும்.

என்றும் பணிவுள்ள,
டூரி

பின்குறிப்பு: அண்ணா, நான் மெங்கியா. இவர் தபால்தலை தேடப் போயிருக்கிறார். அவர் வாங்கின விசையை அன்னெட்டா மே மாதமே கழட்டிவிட்டாள். வெவ்வேறு விசை போட்ட மூன்று துப்பாக்கிகளை மேசையில் வைத்து, என் கண்ணைக் கட்டி, ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்க்கச் சொன்னாள். நான் எடுத்தது, அவள் முதல் நாளே சொன்ன இரண்டு கட்ட விசை; அதைத்தான் என் துப்பாக்கியில் மாட்டினாள். இவரிடம் சொல்லிவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தரையில் கால் படாமல் நடக்கிறார். இன்னொன்று. நீங்கள் தொண்ணூற்றிரண்டோடு நின்றது விசைக் கோளாறுதான் என்று முடிவு செய்து, உங்கள் பிறந்தநாளுக்கு அதே கடையில் அதே விசையை வாங்கி வைத்திருக்கிறார். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கியில் மட்டும் மாட்டிவிடாதீர்கள்.