நாலு நாற்பதுக்கு வந்துவிடுவேன்

எங்கள் வீட்டில் திட்டம் என்னுடையது, திட்டு குன்வோருடையது. கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் இந்தப் பாகப்பிரிவினையில் ஒரு தகராறும் வந்ததில்லை.

போன அக்டோபரில் நான் போட்டது சாதாரணத் திட்டம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், டிசம்பர் இருபத்துநாலு, காலை ஐந்து மணிக்கு ஹாமரில் எங்கள் வீட்டிலிருந்து மின்சாரக் காரில் கிளம்புவது. வடக்கே எழுநூற்று அறுபது கிலோமீட்டர். வழியில் இரண்டே இரண்டு சார்ஜ், தலா இருபது நிமிஷம். மாலை நாலு நாற்பதுக்கு மொசியோனில் என் மகள் தீரில் வீட்டு வாசல். ஐந்து மணிக்கு கிறிஸ்துமஸ் பிறந்ததென்று தேவாலய மணி அடிக்கும்போது அவள் பக்கத்தில், ஜன்னலோரம், நான்.

என் பெயர் ஓட்வார். அவசரமாகப் படித்தால் 'ஓட்டுவார்' என்று வரும். வரட்டும். ஆனால் நான் ரயில் ஓட்டியதில்லை, ரயில்களுக்குக் கால அட்டவணை போட்டேன், முப்பது வருஷம். ரயில்கள் தாமதமாக வந்ததுண்டு. அட்டவணை ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

குன்வோர் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். வீட்டில் ஐந்து அறைக்கு வர்ணம் அடிக்கத் திட்டம் போட்டேன், இரண்டு அறை முடிந்தது. தேனிலவுக்கு ஐந்து ஊர் என்றேன், இரண்டாவது ஊரில் எனக்கு வயிறு கெட்டுப்போனது. புத்தக அலமாரியில் ஐந்து தட்டு. சரி, விடுங்கள். அதையெல்லாம் அவளே வருகிறவர் போகிறவரிடம் சொல்வாள்.

ஊர் முழுக்க 'புதுக் காரைப் பனியில் சோதிக்கப் போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உங்களிடம் என்ன மறைப்பு? எனக்கு என் மகளைப் பார்க்க வேண்டும். பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

தகராறு வந்த அன்றைக்கு அவள்தான் ஃபோன் செய்தாள். "அப்பா, நான் மொசியோன்காரர் ஒருத்தரைக் கட்டிக்கப் போறேன். அங்கேயே இருந்துடப் போறேன்." பெண் குரலில் அவ்வளவு சந்தோஷம். தகப்பன் என்ன சொல்ல வேண்டும்? நான் சொன்னேன்: "இது திட்டத்துல இல்லையே."

ஃபோனை வைத்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை. குன்வோர் தனியாக ரயிலேறிப் போய்வந்தாள். எட்டு மாதம் முன்பு பேத்தி ஆஸ்தா பிறந்தபோதும் அவள்தான் போனாள். கோபம் எப்போதோ போய்விட்டது. வீம்பு மட்டும் நகர மாட்டேன் என்று உள்ளே உட்கார்ந்திருந்தது. சின்ன வயதில் தீரில் சமையலறை ஜன்னலோரம் முக்காலியில் ஏறி நின்று, ஐந்து மணி அடிக்கும்போது என் காதைப் பிடித்துக்கொள்வாள். இந்த மூன்று வருஷமும் அதே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக நின்றேன். குளிர்தான் உள்ளே வந்தது.

திட்டத்தை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். குன்வோர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படித்தாள்.

"நாலு நாற்பதா?"

"நாலு நாற்பது."

"நாலு நாற்பத்தொண்ணு ஆகாதோ?"

"கிண்டல் பண்ணாதே. தீரில்கிட்ட சொல்லு, அப்பா வர்றேன்னு."

அடுத்த நாள் பதில் வந்தது. குன்வோர் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வரட்டுமாம். நாலு நாற்பதுக்குக் கதவு திறந்துதான் இருக்குமாம்." நான் கொட்டகைக்குப் போய்ச் சக்கரத்தைச் சரிபார்க்கிற மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

*

இருபத்துநாலாம் தேதி காலை. மைனஸ் இருபத்திரண்டு. காரின் பின்பக்கம் ஒரு வாளி, மூடி போட்டது, உள்ளே தண்ணீர் தளும்புகிறது.

"என்ன இது?"

"விலா உப்புக்கண்டம். ஆட்டு விலா இல்லாம கிறிஸ்துமஸா? முப்பது மணி நேரம் ஊறணும். நேத்தே போட்டுட்டேன்."

"பதினஞ்சு கிலோ இருக்கும் குன்வோர்! இந்த எடைக்கு ஆறு கிலோமீட்டர் குறையும்!"

"அப்ப ஆறு கிலோமீட்டர் நீங்க தள்ளுங்க."

வாளிக்குப் பக்கத்தில் ஒரு கட்டு பிர்ச் குச்சி. பானையடியில் அடுக்கி அதன்மேல் இறைச்சியை ஆவியில் வேகவைப்பதற்கு.

"ஏம்மா, மொசியோன்ல பிர்ச் மரமே கிடையாதா?"

"மொசியோன்ல கிடைக்கும்," என்றாள், மொசியோனைக் கொஞ்சம் அழுத்தி. "மத்த இடத்துல பனியைத் தோண்டிக்கிட்டு நிக்க முடியாது." எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. அட்டவணைக்காரனுக்குக் கடிகாரம்தான் தெரியும்.

ஐந்து மணிக்குச் சரியாகக் கிளம்பினோம். ஐந்து ஏழுக்கு நான் ஹீட்டரை அணைத்தேன்.

"என்னங்க பண்றீங்க?"

"ஹீட்டரை அணைச்சா அறுபது கிலோமீட்டர் கூடும். கம்பளி உள்ளாடை ரெண்டு போட்டுக்கோன்னு சொன்னேனே."

"மூணு போட்டிருக்கேன். நான் விறைச்சுச் செத்தா எத்தனை கிலோமீட்டர் கூடும்?"

என் கண் மீட்டர் பக்கம் போனது.

"கணக்குப் போடாதீங்க!" என்று தொடையில் ஒரு அடி வைத்தாள். சத்தியமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

லில்லஹாம்மர் தாண்டும்போது பேட்டரியில் எண்பத்தெட்டு சதவீதம் இருக்க வேண்டும். எழுபத்திரண்டு இருந்தது. பள்ளத்தாக்கு முழுக்க எதிர்க்காற்று. திட்டத்தில் காற்றுக்கு நான் இடம் கொடுக்கவில்லை. அது தானாக எடுத்துக்கொண்டது. முதல் சார்ஜ் டிரோன்ஹைமில் என்பது திட்டம். அதற்கு வெகு முன்னால், டோம்போஸிலேயே கார் சிவப்பு விளக்கைக் காட்டி மூச்சு வாங்கியது.

சார்ஜ் நிலையத்தில் ஏழு கார் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கணவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு மனைவியும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வர இரண்டு மணி நேரம். குளிர்ந்த பேட்டரிக்குள் மின்சாரம் மருமகள் மாதிரி தயங்கித் தயங்கி நுழைந்தது.

நாற்பத்தாறு சதவீதத்தில் கம்பியைப் பிடுங்கினேன்.

"இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே," என்றாள் குன்வோர்.

"திட்டப்படி இருபது நிமிஷம்தான். ஏற்கெனவே நாற்பது ஆச்சு. விட்ட நேரத்தைப் பிடிக்கணும்."

"பிடிங்க," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முப்பத்துநாலு வருஷத்தில் குன்வோர் திட்டாத இடம் எதிலும் நல்லது நடந்ததில்லை.

*

டோவ்ரே மலை ஏறும் இடத்தில் தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது. மேலே பனிப்புயல். பனி தள்ளும் வண்டி முன்னே போக, கார்கள் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரிசையாகத்தான் மலையைக் கடக்க வேண்டும். அந்த வரிசை எப்போது கிளம்பும்? ஆரஞ்சுச் சட்டைக்காரப் பெண்ணிடம் கேட்டேன்.

"புயல் விட்டதும்."

"எத்தனை மணிக்கு விடும்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரயில்ல வேலை பாத்தீங்களா?" என்றாள்.

பன்னிரண்டு மணி. ஒன்று. இரண்டு. ஹீட்டரைப் போட வேண்டியதாயிற்று. சதவீதம் இறங்கிக்கொண்டே வந்தது. குன்வோர் ஃபோனில் எதையோ தட்டித் தட்டி அனுப்பிக்கொண்டு, தனக்குள் முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"அக்காவுக்கு."

இரண்டரைக்கு வெளிச்சமும் போய்விட்டது. மொசியோனுக்கு இன்னும் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். ஐந்து மணிக்கு நான் அங்கே இருக்கப் போவதில்லை. தீரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள், கைக்குழந்தையோடு. அப்புறம் குளிருகிறதென்று மூடிவிடுவாள். இந்தத் தடவை மூடினால் எனக்கு மறுபடி திறக்குமா? ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான்பாட்டுக்கு முனகினேன்.

"என்ன புலம்பறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"உதடு ஆடுதே."

"அவகிட்ட சொல்ல அஞ்சு வாக்கியம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். அச்சடிச்ச மாதிரி மனப்பாடம். ஹாமர்லேர்ந்து சொல்லிப் பாத்துக்கிட்டே வர்றேன்." எனக்குக் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு அவளைப் பாக்கணும் குன்வோர். காரைச் சோதிக்கறதெல்லாம் பொய்."

"அது காருக்கே தெரியும்," என்றாள். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி என் கையில் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை.

மூன்று மணிக்குக் கம்பம் மேலே எழுந்தது. முன்னால் பனிவண்டியின் மஞ்சள் விளக்கு, பின்னால் முப்பது கார், நாற்பது கிலோமீட்டர் வேகம். ஒப்டாலில் இறங்கும்போது நாலே கால். ஐந்து சதவீதம். சார்ஜ் நிலையத்தில் எங்கள் வரிசையில் வந்தவர்களே இன்னொரு வரிசையாக நின்றார்கள்.

"தீர்ந்தது," என்றேன். "அவளுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிடு. அப்பா வரலைன்னு."

"போடறேன் போடறேன். முதல்ல இடது பக்கம் திரும்புங்க."

"எதுக்கு?"

"அங்க குடில்கள் இருக்கு. யாரையாவது கெஞ்சி ஒரு பிளக் கேப்போம். வெக்கப்பட்டா சார்ஜ் ஏறாது."

இடது. வலது. மறுபடி வலது. எனக்குத் தெரியாத ஊரில் அவள் வழி சொல்லிக்கொண்டே வந்தாள், நான் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். மூன்று சதவீதத்தில் ஒரு மரக்குடில் முன்னால் நின்றோம். வாசலில் பழைய டீசல் கார் ஒன்று பனி மூடிக் கிடந்தது. ஜன்னல் வழியாக ஒரு நீள மின்கம்பியை வெளியே இழுத்து, பனிமேல் தயாராகப் போட்டிருந்தார்கள்.

குடில் கதவு திறந்துதான் இருந்தது.

வாசலில் தீரில். இடுப்பில் ஒரு கம்பளி மூட்டை, அதில் இரண்டு கண். என் மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு முப்பத்தெட்டு," என்றாள். "ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்களேப்பா."

நான் திரும்பிக் குன்வோரைப் பார்த்தேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"இது… எப்பலேர்ந்து?"

"நாங்க நேத்தே வந்துட்டோம்," என்றாள் தீரில். "இந்தக் குடிலை அம்மா அக்டோபர்லயே வாடகைக்கு எடுத்துட்டாங்க."

"அக்டோபர்லயா!"

"நீங்க ஃப்ரிட்ஜ்ல ஒட்டின அன்னிக்கே," என்றாள் குன்வோர். "எழுநூத்தி அறுபது கிலோமீட்டர்னு போட்டிருந்தீங்க. உங்க திட்டம் எதுவா இருந்தாலும் அஞ்சுக்கு ரெண்டுதான் நடக்கும். அஞ்சு அறைக்கு ரெண்டு. அஞ்சு ஊருக்கு ரெண்டு. எழுநூத்தி அறுபதுல அஞ்சுல ரெண்டு முந்நூத்தி நாலு. ஹாமர்லேர்ந்து முந்நூத்தி நாலு எங்க வருதுன்னு வரைபடத்துல பாத்தேன். ஒப்டால். வழி விடுங்க, கை விறைக்குது."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை? காலைலேர்ந்து நான் பட்ட பாடு!"

"சொல்லியிருந்தா ஒப்டாலுக்கு ஒரு திட்டம் போட்டிருப்பீங்க. அதுல அஞ்சுல ரெண்டு எங்க வரும்? லில்லஹாம்மர் தாண்டி நடு ரோட்டுல நின்னிருப்போம்."

உள்ளே மருமகன் சீவெர்ட் அடுப்பு மூட்டியிருந்தான். என் கோட்டை வாங்கி மாட்டிவிட்டு, பார்க்காதவன் மாதிரி காருக்குக் கம்பி செருகப் போய்விட்டான். நல்ல பையன். குன்வோர் பானையடியில் பிர்ச் குச்சியை அடுக்க ஆரம்பித்தாள்.

நானும் தீரிலும் ஜன்னலோரம் நின்றோம். அவள் ஜன்னலைத் திறந்தாள். எதுவும் கேட்காமல் ஆஸ்தாவை என் கையில் கொடுத்தாள். கனமாக இருந்தாள். இந்த எடைக்கு எத்தனை கிலோமீட்டர் குறையும் என்று நான் கணக்குப் போடவில்லை.

ஐந்து மணி. கீழே ஊரிலிருந்து தேவாலய மணி கிளம்பியது. சத்தத்தில் திடுக்கிட்ட குழந்தை கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டது. என் காது.

இதைவிட நல்ல நேரம் எந்த அட்டவணையிலும் வராது.

"தீரில்," என்றேன். "உன்கிட்ட அஞ்சு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்கப்பா."

"அன்னிக்கு நான் ஃபோன்ல சொன்னது தப்பு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் கல்யாணத்துக்கு வராதது அதைவிடப் பெரிய தப்பு."

மூன்றாவது வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன். ஹாமரிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம். வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டி, உதடு மட்டும் ஆடியது. தீரில் அழுதுகொண்டே என் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அடுப்படியிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், குன்வோர் சொன்னாள்:

"நான் சொல்லலே? அஞ்சுக்கு ரெண்டு."