பிரிவு விடாத தரை

வேலை தெரிந்த ஒருவர் எதையாவது சொல்ல வாயைத் திறந்தால், "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று முந்திக்கொள்கிற வியாதி எனக்கு உண்டு. (மாத்திரை கிடையாது. விசாரித்துவிட்டேன்.) அந்த வியாதியால் என் தங்கை செல்வியின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

விருதுநகரில் எங்கள் வீட்டின் முன்பாதி, அப்பா காலத்தில் மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கிவைத்த கிட்டங்கி. மூட்டைகளில் ஈரம் ஏறக்கூடாது என்று அங்கே தரை முழுக்கப் பலகை; அடியில் வெற்றிடம். நாங்கள் குடியிருக்கும் பின்பாதி காங்கிரீட் தரை. வியாபாரம் ஊருக்கு வெளியே போனபின் கிட்டங்கியில் மிளகாய் நெடி மட்டும் குடியிருந்தது. மூன்று வரன்கள் தட்டிப்போன செல்விக்கு, எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருக்கும் குடும்பத்தில் சம்பந்தம் கூடி வந்தது. நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒரே ஹாலாக்கி, டைல்ஸ் போட்டு, நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைப்பது என்று நான் முடிவு செய்தேன். அப்பா இல்லாத வீட்டில் முடிவெடுக்கும் உரிமை என்னிடம் இருந்தது, பாவம் அந்த வீடு.

டைல்ஸ் ஒட்டும் பால்பாண்டி வந்து, குத்தவைத்து உட்கார்ந்து பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பலகை மிதிச்சா அமுங்கும். காங்கிரீட்டு அமுங்காது. பலகை மேல சிமெண்டு அட்டை அடிச்சுட்டு, ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு பிரிவு விட்டுத்தான் போடணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நல்ல காரியம் நடக்கப்போற எடத்துல நின்னு பிரிவுங்கீகளே, நல்லாருக்கா?"

"சரி, சந்துன்னு வச்சுக்கிடுங்க."

"சந்தும் வேண்டாம், பொந்தும் வேண்டாம். வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் ஒரே தரையா இருக்கணும். அட்டை அடிக்கவும் நாள் இல்ல. எனக்குத் தெரியும்."

போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். (அதில் பலகையே கிடையாது என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன்.) "உங்க வீடு, உங்க இஷ்டம்" என்று பால்பாண்டி பலகைமேல் நேராகப் பசை தடவி, டைல்ஸை நெருக்கி நெருக்கி ஒட்டினார். தரை பளபளத்தது. நான் அதன்மேல் காரணமே இல்லாமல் ஒரு நாளைக்கு நாற்பது தடவை நடந்தேன்.

நிச்சயத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டுப் பேர் வேனில் வந்து இறங்கினார்கள். பலகைப் பக்கம் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தோம். "தரை நல்லாருக்கே தம்பி" என்று மாப்பிள்ளையின் அப்பா தெரியாமல் சொல்லிவிட்டார். நான் அதைப்பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். செல்வி வந்து மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். தாம்பூலம் மாற்றுவதற்காக ஆண்கள் எல்லோரும் ஒருசேர எழுந்தார்கள்.

'பட்' என்று ஒரு சத்தம். பிறகு 'பட பட பட' என்று வரிசையாக. பலகையும் காங்கிரீட்டும் சேரும் இடத்தில் டைல்ஸெல்லாம் வெடித்துக் கிளம்பி, கூரை மாதிரி முட்டிக்கொண்டு நின்றன.

வேறு ஊர்க்காரர்கள் "என்ன சத்தம்?" என்று கேட்டிருப்பார்கள். ஆலைக்காரர்கள் கேட்க மாட்டார்கள். சத்தம் வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும், ஓரிடத்தில் கூட வேண்டும், தலையை எண்ண வேண்டும். அவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். "வெளிய!" என்று ஒரு குரல். எங்கள் வீட்டார் அடுப்படிக்குள் ஓடினார்கள்; அடுத்த நொடி ஹால் காலி. கவிழ்ந்த தட்டும், உருண்ட தேங்காயும், நானும் மட்டும் மிச்சம். நாலாவது வரனும் போச்சு என்று நினைத்தேன். செல்வி முகத்தில் இனி எப்படி விழிப்பது?

"டைல்ஸ்தான்! வெறும் டைல்ஸ்தான்!" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டு நிழலில் மாப்பிள்ளையின் அப்பா விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை. இரண்டாம் முறையும் எண்ணினார்.

"வந்தது பதினெட்டு. இங்கன பத்தொம்பது இருக்கே?"

பத்தொன்பதாவது ஆள் செல்வி. ஒரு கையில் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்து, மறுகையில் மாப்பிள்ளையின் அம்மாவை இறுக்கிப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றாள்.

"முட்டுவலிக்காரிய விட்டுட்டு அம்புட்டுப் பேரும் ஓடிட்டீக" என்றார் அந்த அம்மா. "இந்தப் புள்ளதான் என்னைய இழுத்துட்டு வந்துச்சு."

அவர் கணவர் வாசல் வழியாக என் தரையை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"தம்பி, எங்க ஆலையில ஒரு வழக்கம். வெளிய வந்து எண்ணின தலையில ஒண்ணையும் விட்டுட்டுப் போகமாட்டோம். இது இனி எங்க தலை."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மாதிரி நிம்மதியை என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை. நிச்சயதார்த்தம் தெருவிலேயே நடந்து முடிந்தது.

மறுவாரம் பால்பாண்டி வந்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அட்டை அடித்து முடித்ததும், "அண்ணாச்சி, பிரிவு வச்சிரட்டா?" என்று மட்டும் கேட்டார். "தாராளமா வைங்க" என்றேன்.

புகுந்த வீட்டில் செல்வியை இன்றுவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பத்தொம்பது, சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் மாமனார் போன் செய்தார். சந்தோஷத்தில் குரல் உடைந்திருந்தது.

"தம்பி, இருபது வந்தாச்சு!"