துப்புச் சாமியாரின் மஞ்சள் துணி

கடலூரிலிருந்து போலீஸ் கைரேகைக்காரர்கள் வர மூன்று நாள் ஆகும். திருடனைக் காட்டிக்கொடுக்கும் துப்புச் சாமியார் வர மூன்றே மணி நேரம். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் 2008 சித்திரையில் ஏட்டு மணவாளன் சாமியாரைத் தம் பைக்கிலேயே ஏற்றி வந்தார். அண்ணாகிராமமே திரண்டுவிட்டது. ஐஸ் வண்டி, பலூன் வண்டி, கேமரா செல்போன்கள். தேர்த் திருவிழா தோற்றது போங்கள்!

முந்திரிக் கம்பெனி முதலாளி தில்லைநாதன் வீட்டு பீரோவிலிருந்து எட்டுப் பவுன் சங்கிலி போய்விட்டது. அன்று வீட்டுக்குள் போய் வந்தவர்கள் நான்கு பேர்: முதலாளியின் மைத்துனர், டிரைவர், கணக்குப்பிள்ளை, தண்ணீர்க் குடம் கொண்டு வைத்த மலர்க்கொடி. அவள் கம்பெனியில் கொட்டை உடைப்பவள்.

சாமியாரின் விசாரணை மகா எளிது. மஞ்சள் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியைக் கையில் பிடிக்க வேண்டும். திருடன் பிடித்தால் துணி சிவக்கும். டி.வி. துப்பறியும் தொடர்களை ஒன்றுவிடாமல் பார்க்கும் மணவாளனுக்கு இதில் அபார நம்பிக்கை. இதுவரை ஒன்பது கேஸ், ஒன்பது திருடிகள். மோப்ப நாய்க்குக்கூட இந்த ராசி கிடையாது. அது பாவம், சமயத்தில் தெரியவில்லை என்று படுத்துக்கொள்ளும்.

மைத்துனர் பிடித்தார், மஞ்சள். டிரைவர், மஞ்சள். கணக்குப்பிள்ளை, மஞ்சள். கொட்டை உடைத்துக்கொண்டிருந்த மலர்க்கொடியை அப்படியே இழுத்து வந்து பிடிக்கவைத்தார்கள். சிவப்பு!

"அரோகரா!" என்றது கூட்டம்.

"நடம்மா ஸ்டேஷனுக்கு" என்றார் மணவாளன்.

ஸ்டேஷன் படி ஏறினால் வேலை போகும்; திருடி என்ற பேர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். மலர்க்கொடி நகரவில்லை. ஏட்டின் சிவந்த வாயையே பார்த்தாள்.

"ஏட்டய்யா, வெத்தல போட்டிருக்கீங்க. நீங்களும் ஒரு தபா புடிங்களேன்."

"நானா? புடிச்சிட்டாப் போவுது!" மணவாளன் மீசையை நீவிக்கொண்டு பிடித்தார். விரல் பட்ட இடமெல்லாம் துணி சிவந்தது.

"சாமி, நான் ஒண்ணும் எடுக்கலியே!" என்றார், அழாத குறையாக.

"போன ஜென்மத்துல எடுத்திருப்ப" என்றார் சாமியார்.

"ஜென்மமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாள் மலர்க்கொடி. "அவரு வெரல்ல சுண்ணாம்பு. என் கையில சாம்பலு. கொட்டப் பால் பட்டா கை பொத்துப் போவும்னு நாங்க சாம்பல்ல தோச்சித்தானே ஒடைக்கிறோம்? மஞ்சக் கறைமேல சோப்பு போட்டா செவக்குதில்ல, அந்தக் கததான் இது. சாமி, இந்தாங்க, மடியில இருக்கிற சாம்பலு. பூசிக்கினு நீங்க புடிங்க, பாப்போம்."

சாமியார் மெல்ல நழுவப் பார்த்தார். கூட்டம் விடவில்லை. சாம்பலைப் பூசித் துணியைத் திணித்தார்கள். சாமியும் திருடனானார்.

மணவாளனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஒன்பது திருடிகளும் கொட்டை உடைக்கிற பெண்கள். இரண்டு பேரை அவரே அறைந்திருக்கிறார். மலர்க்கொடியின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

நான்காம் நாள் கடலூர்க்காரர்கள் வந்து பீரோவின் உள்ளறையில் ரேகை எடுத்தார்கள். மைத்துனருடையது. சங்கிலி பண்ருட்டி அடகுக் கடையில் சுகமாக இருந்தது.

ஒன்பது கேஸிலும் முதலாளி வீட்டுக் கை ஒன்றுகூட ஏன் சிவக்கவில்லை என்று கேட்க அந்த ஊரில் ஓர் ஆள் இல்லை. சாமியாருக்குக் கை தட்டிய நேரத்தில் சொந்த மண்டையை ஒருமுறை தட்டிப் பார்த்திருக்கலாம், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று.