சகலையின் கம்பி

தொண்ணூறு மணி நேரத்தில், சோதனைக்கூட உலையில் எடை கட்டித் தொங்கவிட்ட அவனுடைய கம்பி மறுபடியும் அறுந்து விழுந்தது. பக்கத்து உலையில் சகலையின் கம்பி முந்நூறு மணி நேரம் தாண்டியும் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டும் ஒரே டர்பைன் உலோகம். ஒரே சூடு, ஒரே எடை. சகலையின் உலையில் உலர்ந்த காற்று, அவனுடையதில் நீராவி கலந்த காற்று. ஈரம் பட்டால் அந்த உலோகம் சூட்டில் எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது என்று பார்ப்பதுதான் சோதனையே. அது அவன் அறிவுக்குத் தெரியும், வயிற்றெரிச்சலுக்குத் தெரியுமா?

போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு.

"பெரிய மாப்பிள்ளை தொட்டது நின்னு பேசுதாமே!" என்றார் மாமனார்.

"என்னோடதுல நீராவி போகுது மாமா..."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று அவன் மனைவியே எடுத்துக் கொடுத்தாள்.

சகலை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கர்வம்!

திங்கட்கிழமை நீராவி வால்வைப் பாதி மூடினான். புதுக் கம்பி நூற்றைம்பது மணி நேரத்தைத் தொட்டது. மேனேஜர் ஈரமானியைப் பார்த்தார்.

"ஈரமே இல்லாம ஈரச் சோதனையா? தரையில நீச்சல் அடிக்கிறீங்களா? முதல்லேர்ந்து பண்ணுங்க!"

ஈடுகட்ட வால்வை அகலத் திறந்தான். அடுத்த கம்பி நாற்பது மணி நேரத்திலேயே போய்ச் சேர்ந்தது.

இனித் தன் கம்பியைத் தூக்கி நிறுத்த வழியில்லை. சகலையின் கம்பியைக் கீழே இறக்க வேண்டியதுதான். எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, இரண்டு உலைகளையும் இணைக்கும் குழாயின் வால்வை நாலு சுற்றுத் திறந்துவிட்டான்; நீராவி சகலையின் உலைக்குள்ளும் போனது.

மூன்றாம் நாள் காலை, 'டங்!' சகலையின் கம்பி இரண்டு துண்டு.

துக்க முகத்தைத் தயார் செய்துகொண்டு போனான். "என்னண்ணே, இப்படி ஆயிடுச்சே!"

சகலை அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு, மேனேஜர் அறைக்கு ஓடினார்.

திகைத்து நின்றவனிடம், உலைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் துண்டுகளைப் பொறுக்கியபடி சொன்னாள்: "பாவம் சார் அவரு. 'என் சகலை வாரத்துக்கு ஒரு கம்பியை உடைச்சு ரிப்போர்ட் எழுதிடறான், பிரமோஷன் அவனுக்குத்தான். என்னோடது உடைஞ்சு தொலைய மாட்டேங்குதே, கொஞ்சம் ஆவி திறந்து விடும்மா'ன்னு மூணு வாரமா என்கிட்ட கெஞ்சினாரு. நான் மாட்டேன்னுட்டேன், எந்தப் புண்ணியவானோ திறந்து விட்டுட்டான்!"