மூடிக்கு ஒரு ஆள்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை, அவருக்கே தெரியாமல், ஒரு மீன் பெட்டிக்குப் பாரமாக வைத்த பாவத்தை நான் இன்னும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. சொன்னால் சாமியார் ஏன், எதற்கு என்று கேட்பார். கிட்டாருக்கு எதற்குப் பெட்டி, பெட்டிக்குள் எதற்கு வால்வு என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள். (அதில் பாதிப் பேருக்கு என்னுடையதைவிட அவசரமான பாவம் இருக்கும்.) அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்னால் நடந்தது. அப்போது எனக்கு அறுபத்து மூன்று வயது. புத்தி வந்திருக்க வேண்டிய வயதுதான். ஆனால் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி வருடம் அம்மை போட்டுக் கிடந்தேன். அந்தப் பாதியில்தான் புத்தியைப் பற்றிய பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

என் மகன் கிங்ஸ்லி கப்பலில் வேலை பார்க்கிறான். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். என் மருமகள் பெனிட்டா துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறாள். கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். அவன் ஒரு தடவை ஊருக்கு வரும்போது, ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் பழையதாக வாங்கிய, கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். (எனக்கு ஒரு சால்வை. டிசம்பரில்கூட வேர்க்கிற தூத்துக்குடியில் சால்வை.)

பெட்டியின் முன்னால் ஒலிபெருக்கி. பின்னால் திறந்த இடத்தில் கண்ணாடிக் குப்பி மாதிரி நாலைந்து வால்வுகள். சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. குப்பிகளுக்குள் மெல்ல மெல்லச் செந்நிறம் ஏறும். அது ஏறி முடிகிறவரை பெனிட்டா பக்கத்தில் குந்தியிருப்பாள், குழந்தை கண் விழிக்கக் காத்திருப்பது போல.

சத்தத்துக்கு அதில் ஒரே ஒரு குமிழ்தான். அங்கேதான் வில்லங்கம். இரண்டில் வைத்தால் கொசு கீச்சிடுகிற மாதிரி இருக்கும். ஆறைத் தாண்டினால்தான் அதற்குக் குரல் வரும். அந்தக் குரல் வரும்போது எங்கள் சமையலறையில் டம்ளரெல்லாம் ஆடும்.

"ஏளா, கொறச்சு வச்சு வாசியேன். பாட்டு அதே பாட்டுதான?" என்றேன் ஒரு நாள்.

"மாமி, வெங்காயம் வதக்குதீங்கல்லா? அடுப்பச் சிம்முல வச்சா என்ன ஆவும்?"

"வேகும். செவக்காது."

"அதேதான். இந்த வால்வும் செவக்கணும். கருகக் கூடாது, ஓரம் மட்டும் லேசா செவக்கணும். அதுக்குத் தீ வேணும். தீயைக் கூட்டுனா சத்தமும் கூடுது."

"கால்ல மிதிக்கதுக்கு ஒரு டப்பா வச்சிருந்தியே. அதப் போட்டா செவக்காதா?"

"அது பாக்கெட்டு மசாலா மாமி."

என்னிடம் பாக்கெட் மசாலா என்று சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆறில் வைத்து வாசித்துக் காட்டினாள். கம்பியை மெல்லத் தொட்டால் கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டது போலச் சுத்தமாக இருந்தது. கொஞ்சம் அழுத்தி அடித்தால் தொண்டையில் வெல்லப்பாகு ஒட்டியவர் பாடுகிற மாதிரி, இனிப்பாக ஒரு கரகரப்பு. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நல்ல தாளிப்புச் சத்தம் எது என்று தெரியும்.

கீழ்வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் ஞானராஜ் சார். நாசரேத்துக்காரர், அறிவியல் வாத்தியாராக இருந்து தலைமையாசிரியரானவர். வெள்ளை வேட்டியில் சுருக்கம் விழுந்து யாரும் பார்த்ததில்லை. மதியம் இரண்டு முதல் நாலு வரை தூங்குவார். பெனிட்டாவுக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. மூன்று மணிக்கு வாசிப்பாள். சார் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பீங்கான் தட்டுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

ஒரு சனிக்கிழமை சார் மாடியேறி வந்தார். கோபம்கூடச் சட்டைப் பட்டன் போட்டு வந்திருந்தது.

"ரோசம்மா, நான் யாரையும் வெரட்டுத ஆள் கெடையாது. ஆனா ஒண்ணு, இந்த வீட்டுல அந்தப் பெட்டி இருக்கக் கூடாது. இல்லன்னா நீங்க வேற வீடு பாத்துக்கிடணும். அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க."

பெனிட்டா அழவில்லை. கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவ்வளவு மெதுவாக ஒரு ஜிப் மூடி நான் கேட்டதில்லை. புருசன் கடலில் இருக்கிற ஒன்பது மாதமும் அவளுக்கு அந்தப் பெட்டிதான் பேச்சுத் துணை. நானும் இருக்கிறேன்தான். ஆனால் என்னிடம் சத்தம் குறைக்கக் குமிழே கிடையாது.

அடுத்த ஐந்து நாளும் நான் விஞ்ஞானி. பெட்டியைச் சுவரைப் பார்த்துத் திருப்பினேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து என்ன சத்தம் என்று கேட்டாள். குளியலறையில் வைத்தேன், அசரீரி மாதிரி முழங்கியது. பீரோவுக்குள் வைத்தேன், என் கல்யாணப் பட்டு தொங்குகிற ஆணி கழன்று விழுந்தது.

வெள்ளிக்கிழமை துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். மூலையில் என் தம்பி சேவியரின் பழைய ஐஸ் பெட்டி கிடந்தது. வள்ளத்தில் சீலா மீனை ஐஸ் போட்டுக் கொண்டுவருகிற பெட்டி. கட்டில் மாதிரி நீளம், உள்ளங்கை அகலத்துக்குச் சுவர், சுவருக்குள் தெர்மாகோல். புதுப் பெட்டி வாங்கியதும் இதை எங்கள் தலையில் கட்டியிருந்தான்.

பெனிட்டாவிடம் ஓடினேன். "ஏளா! காலைல போட்ட ஐஸு சாயங்காலம் வர கரையாது இதுல. ஐஸே வெளிய போவாத பெட்டில சத்தம் மட்டும் எங்கன போவும்?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாமி, இதத்தான் ஸ்டுடியோவுல ஆயிரக்கணக்குல குடுத்துச் செய்யுதாங்க" என்றாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சான்றிதழ் வந்ததில்லை.

ஐஸ் பெட்டியை எங்கள் முன்னறைக்கு இறக்கி, வால்வுப் பெட்டியை அதற்குள் வைத்தோம். ஐஸ் தண்ணீர் வடிகிற ஓட்டை வழியாக மூன்று வயரை உள்ளே விட்டோம்: கரண்டுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று, ஒலிபெருக்கி முன்னால் தொங்கவிட்ட மைக்குக்கு ஒன்று. மைக்கிலிருந்து சத்தம் அவள் காது மாட்டுகிற ஹெட்போனுக்குப் போகும். மூடியை மூடிப் பார்த்தோம். வெளியே ஒரு முனகல். ஹெட்போனை என் காதில் வைத்தாள், உள்ளே தாளிப்பு.

"ஆனா மாமி, ரெண்டு பாட்டுக்கு மேல கூடாது. வால்வு சூடாவும், காத்து வேணும். அப்பப்ப மூடியத் தெறக்கணும்."

கேட்டேன். தலையையும் ஆட்டினேன். காதில் வாங்கியது புத்திக்குப் போகிற வழியில்தான் எனக்கு எப்போதும் ரோடு மோசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டியைச் சீயக்காய் போட்டு இரண்டு தடவை கழுவினேன். முகர்ந்தும் பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை. கடற்கரையில் பிறந்தவளின் மூக்கைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு மீன் வாசம் என்று தனியாக ஒன்று கிடையாது. அது காற்று.

மறுநாள் நாலு மணிக்குச் சாரைக் காப்பிக்கு அழைத்தேன். "பெனிட்டா வாசிப்பா, உங்களுக்குக் கேக்கவே கேக்காது சார். கேட்டா அன்னைக்கே பெட்டியத் தூக்கிருதோம்" என்று பெரிய வாயாகச் சொல்லியிருந்தேன்.

நாலுக்கு வரவேண்டிய சார் நாலரைக்கு வந்தார். பெட்டிக்குச் சுவிட்சை நாலுக்கே போட்டாயிற்று. அதுவரை நான் சும்மா இருந்தேனா? முனகல்கூட இருக்கக் கூடாது என்று, பெனிட்டா முகம் கழுவப் போன நேரத்தில் இலவம்பஞ்சுத் தலையணை இரண்டை உள்ளே திணித்தேன். இப்போது மூடி இறங்கவில்லை. கொக்கியோ எப்போதோ துருப்பிடித்து விழுந்துபோனது. நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். மூடி ஒழுங்காக மூடிக்கொண்டது. ஆனால் நான் உட்கார்ந்தால் காப்பி யார் போடுவது?

அப்போதுதான் சார் உள்ளே வந்தார். நல்ல உயரம், நல்ல உடம்பு. என் கண் அவர் முகத்தில் நிற்கவில்லை என்பதை ஆண்டவர் மன்னிப்பாராக.

பெட்டி மேல் பூப்போட்ட விரிப்பை விரித்து, "இங்கன உக்காருங்க சார், இதான் நம்ம வீட்டுல நல்ல இடம்" என்றேன்.

உட்கார்ந்தார். மூடி இறங்கியது. முகம் கழுவி வந்த பெனிட்டா ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, வாசிக்க ஆரம்பித்தாள். குமிழ் ஏழில்.

சார் காப்பியை உறிஞ்சினார். ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எப்பம்மா ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு ரெண்டாவது பாட்டு சார்!"

சாருக்கு முகமே மலர்ந்துவிட்டது. காதைத் தீட்டிக் கேட்டார். கம்பியில் விரல் படுகிற சத்தம் மட்டும். "பிரமாதம்" என்றார். வீடு தங்கியது, பெட்டி தங்கியது. நான் மனதுக்குள் பனிமய மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது சார் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு இன்னும் கொஞ்சம்.

"இந்த எடம் சூடா இருக்கே?"

"வெயில் சார். மேற்கு வெயிலு." (ஜன்னல் கிழக்கே இருக்கிறது.)

அடுத்து அவர் மூக்கைச் சுளித்தார். வேட்டி நுனியைப் பார்த்தார். நாசரேத்தில் வளர்ந்த மரியாதை அவரைக் கேட்கவிடவில்லை. முக்கால் மணி நேரமாகக் காய்ந்த வால்வு, சேவியர் பத்து வருடம் பிடித்த சீலா மீனை எல்லாம் தெர்மாகோலிலிருந்து ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. பூனைகளுக்குத் தெரிந்தது.

முதல் பூனை ஜன்னல் வழியாக வந்து சார் காலடியில் உட்கார்ந்தது. இரண்டாவது, வாசல் வழியாகக் குடும்பத்தோடு வந்தது. மூன்றாவது நேரே சார் மடியில் ஏறியது.

சார் எழுந்தார்.

தலையணை மூடியைத் தள்ள, மூடி அண்ணாந்தது. அந்த நேரம் பார்த்து பெனிட்டா கையை வீசி அடித்தாள். துறைமுகத்தில் கப்பல் ஊதுவது மாதிரி ஒரு சத்தம். காப்பி மேலே போனது, பூனை கீழே போனது. சார் பயந்துபோய்ப் பின்னால் சரிந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

அமைதி.

சார் என்னைப் பார்த்தார். நான் விரிப்பைப் பார்த்தேன். ஹெட்போனுக்குள் இருந்த பெனிட்டாவுக்கு உலகம் அழிந்ததே தெரியாது. கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாள்.

சார் சோதனைக்காக மறுபடி எழுந்தார். கப்பல். உட்கார்ந்தார். அமைதி. அறிவியல் வாத்தியார் அல்லவா, மூன்றாவது தடவை அவசரப்படாமல் மெல்ல எழுந்தார். பாதி எழுந்த இடத்தில், மூடி நாலு விரல் அளவு திறந்திருக்க, நின்றுவிட்டார்.

அந்த நாலு விரல் இடைவெளியில் அது வந்தது. வெல்லப்பாகுக் கரகரப்பு அப்படியே இருந்தது. சத்தம் மட்டும் நாங்கள் பேசுகிற அளவுதான். டம்ளர் ஆடவில்லை. ஐந்து நாளாக நான் தேடியது சாரின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்திருக்கிறது.

இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி, கையில் காலி டம்ளரோடு, சார் அப்படியே நின்றார்.

"இது… நல்லாத்தானம்மா இருக்கு" என்றார்.

"அசையாதீங்க சார்!" என்று கத்தினேன். வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது.

பெனிட்டா கண்ணைத் திறந்தாள். அரைக்குந்தலில் வீட்டுக்காரர், சுற்றிப் பூனைகள், பிளந்த பெட்டியில் இரண்டு தலையணை. "மாமீ!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு எந்த மூடியும் போதாது. ஓடிவந்து கரண்டைப் பிடுங்கினாள். ஒரு தலையணை தோசைக்கல்லில் வைத்தது போலப் பழுப்பேறியிருந்தது. ஒரு வால்வு போய்விட்டது. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் வீடே போயிருக்கும் என்று அவள் சொன்னபோது, எனக்குப் பேசுவதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. (அதை நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள்.)

"சார், நாங்க வேற வீடு பாத்துக்கிடுதோம்" என்றேன்.

சார் வேட்டியை முகர்ந்து பார்த்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"வீட்டக் காலி பண்ண வேண்டாம். மீன் பெட்டியக் காலி பண்ணுங்க. அந்தச் சத்தம் நான் பாதி எந்திரிச்சப்போ வந்த அளவுக்கு இருந்தா, நாலு மணிக்கு மேல எப்பவும் வாசிக்கட்டும்."

கிங்ஸ்லியிடம் போனில் சொன்னோம். அவன் சிரித்து முடிக்கவே அந்த மாதச் சிக்னல் தீர்ந்தது. அடுத்த தடவை வரும்போது புது வால்வும், ஒரு சின்ன இரும்பு டப்பாவும் கொண்டுவந்தான். வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் மாட்டுவது. வால்வு தன் இஷ்டத்துக்குச் சிவக்கலாம். கூடுதல் சத்தத்தை இந்த டப்பா தானே வாங்கிச் சூடாக்கி விழுங்கிக்கொள்ளும். இதற்கு ஒரு டப்பா இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் சாரைத் தேடப்போகிறேன்?

இப்போது எங்கள் வீட்டில் யாரும் "சத்தத்தைக் குறை" என்று சொல்வதில்லை. முட்டியை மடக்கிப் பாதி குந்துவோம். வீடியோவில் நான் கத்திப் பேசினால் கிங்ஸ்லி கப்பல் மேல்தளத்தில் குந்துகிறான். கூட வேலை பார்க்கிறவர்கள் அவனுக்கு மூலம் என்று நினைத்திருக்கிறார்கள். போன திருவிழாப் பூசையில் பெனிட்டாவின் கிட்டார் கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்று நான் பெஞ்சை விட்டுப் பாதி எழுந்தேன். பின்னால் இரண்டு வரிசை, நற்செய்தி வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றது.

சாருக்கு மட்டும், அன்றைக்கு அவரை அங்கே உட்கார வைத்தது உபசாரம் இல்லை, எடைக்காக என்று தெரியாது. அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன வாரம் ஊறுகாய் ஜாடி மூடி இறுகவில்லை என்று நான் படியில் நின்று பெனிட்டாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். கீழே சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"ரோசம்மா," என்றார், "நான் வேணா வந்து உக்காரட்டுமா?"