சஹனுக்குள் ஜப்பான்

ஜப்பானைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் இந்தக் கற்பிட்டிக் கரையில், ஏன், ஜப்பானிலேயே இல்லை. சரி, கொஞ்சம் கூடிப்போயிற்று. என் மகன் முஹ்ஸின் நகோயாவில் இருந்த காலத்தில் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு வைத்திருந்தான். இரண்டு கிழமை நின்றேன், அதிலும் பாதி நாள் தடிமன் பிடித்துப் போர்வைக்குள் கிடந்தேன். ஆனால் நான் பேச வந்தது ஜப்பானைப் பற்றியல்ல. அது தன் பாட்டுக்கு அங்கே இருக்கிறது, யாருக்கும் தொல்லையில்லை. அங்கிருந்து திரும்பி வந்தும் இன்னும் வந்து சேராத ஓர் இனம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான். ஊரில் அவருக்குப் பெயர் ஜப்பான் நானா, அதாவது ஜப்பான் அண்ணன்.

நீங்களும் கண்டிருப்பீர்கள். சவூதிக்குப் போய் வந்தவர் பேரீச்சம்பழமும் போர்வையும் கொண்டு வருவார்; பழம் ஒரு கிழமையில் முடியும், போர்வை ஒரு மாரியோடு மங்கும், அவரும் பழையபடி மனிதராகிவிடுவார். ஜப்பான் நானா கொண்டு வருவது ஒழுங்கு. அது முடியவும் மாட்டாது, மங்கவும் மாட்டாது. பாண் கடைக்குப் போனால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போய் நிற்பார். எதற்கு? ஜப்பானில் ஒருத்தனும் வரிசையை உடைக்க மாட்டான் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவிப்பதற்கு. அறிவித்து முடித்த கையோடு, சூடாக இருக்கிற பாணையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அங்கே வாசலில் செருப்பைக் கழற்றினால் முனை வெளியே பார்க்கத் திருப்பி வைப்பதுதான் மரியாதையாம். ஒரு வெள்ளிக்கிழமை என் மகன் பள்ளிவாசலில் கிடந்த செருப்பையெல்லாம் அப்படியே திருப்பி, போதாததற்கு அளவு பார்த்து அடுக்கியும் வைத்துவிட்டான். ஜும்ஆ முடிந்து வெளியே வந்த சனம், தன் காலுக்கு எது சொந்தமென்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றது. எதிர்வீட்டு அஹமட் ஹாஜியார் இரண்டு இடக்கால் செருப்போடு வீடு போய்ச் சேர்ந்தார். ஒழுங்கு என்றால் சும்மாவா?

குப்பை இன்னொரு கூத்து. எரிவதற்கு ஒரு பை, எரியாததற்கு ஒரு பை, போத்தலுக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று, எதில் போடுவதென்று தெரியாததற்கு ஒன்று என்று குசினிச் சுவர் முழுக்கப் பைகளாகத் தொங்கின. மீன்முள்ளு எரியுமா எரியாதா என்று கேட்டதற்கு ஒரு பகல் முழுக்க விளக்கம் சொன்னான். குப்பை எடுக்கிற டிரக்டர் வந்தது. அதில் வருகிற பஸ்தியான் எல்லாப் பையையும் ஒரே எறியில் ஒரே குவியலில் போட்டார். முஹ்ஸின் பின்னால் ஓடினான்.

"பஸ்தியான், என்ன வேலை இது? அஞ்சு பையும் அஞ்சு விதம்!"

பஸ்தியான் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். "நானா, மனுசரைத்தான் பிரிச்சுப் பிரிச்சு வச்சிருக்கிறம். குப்பையாவது ஒண்டா இருக்கட்டுமே."

இந்த இனத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீரக்கதை உண்டு. ஒன்றுதான், ஆனால் வளரும். என் மகனுடையது கருவாட்டுக் கதை. நாலாம் மாடி அறையில், ஊரிலிருந்து யாரோ கொண்டுபோய்க் கொடுத்த கட்டாக் கருவாட்டை ஒரு லீவு நாளில் பொரித்திருக்கிறான். வந்த புதிதில் சொன்னபோது, கீழ்வீட்டுக் கிழவி வந்து கதவைத் தட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டே தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். நோன்பு வந்தபோது கிழவி மறைந்து பொலிஸ் வந்திருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஏணி வைத்த தீயணைப்பு வண்டி. போன மாதம் காதைக் கொடுத்தேன், மேலே ஹெலிகொப்டர் சுற்றுகிறது. கருவாடு மட்டும் அன்றும் இன்றும் அதே நாலு துண்டு.

இதெல்லாம் பரவாயில்லை. அவர்கள் பெருமையாகச் சொல்கிற கதைக்குள்ளே சொல்லாத கதை ஒன்று கிடக்கும், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

"ரயில்ல சனம் நெருக்கிக்கொண்டு நிக்கும் உம்மா. எனக்குப் பக்கத்துச் சீட் மட்டும் காலியா இரிக்கும். ஒருத்தன் குந்த மாட்டான். அவ்வளவு மரியாதை!"

"அப்ப பொலிஸ்?"

"சைக்கிள்ல போகக்குள்ள நிப்பாட்டி நிப்பாட்டி விசாரிப்பான். எங்க போற, ஆருட சைக்கிள், எல்லாம் கேட்டு நம்பரையும் எழுதிக்கொள்ளுவான். அவ்வளவு அக்கறை!"

அறை தேடிப் போன இடமெல்லாம் வீட்டுக்காரர்கள் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டு அனுப்பினார்களாம். இல்லை என்ற சொல்லை இவ்வளவு அழகாக எங்கட ஊரில் யாராவது சொல்வார்களா என்று என்னையே கேட்கிறான். அந்த ரயிலில் நானும் அவனோடு போனவள்தான். எனக்கு அந்தப் பக்கமும் காலி, அவனுக்கு இந்தப் பக்கமும் காலி. நடுவில் தாயும் மகனும் மரியாதையில் ஊறிக்கொண்டிருந்தோம்.

அங்கே பக்கத்தில் உட்காராத சனத்துக்குப் புகழ் பாடுகிறவர், இங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற சனத்தைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். அந்த இடத்தில்தான் எங்கள் குடும்பத்துக்கு அடி விழுந்தது.

என் மகள் வயிற்றுப் பேத்தி நஸ்லாவுக்கு, இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று இதை வாசித்துக்கொண்டிருக்கிறாளே அவளுக்கு, ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சியாம், மதுரங்குளியில் கணக்கு வாத்தியார். நல்ல பிள்ளை. முக்கியமாக, நஸ்லாவுக்குப் பிடித்திருந்தது. இதற்கு முன் வந்த மூன்று பேருக்கும் உதட்டைப் பிதுக்கியவள், இந்தப் பெயரைக் கேட்டதும் போய்க் கத்தரிக்காய் அரிந்தாள். அவள் குசினிக்குள் போனாளென்றால் அது சம்மதம்தான்.

மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வந்தார்கள். பகல் சாப்பாடு சஹனில். ஆறு பேர் சுற்றிக் குந்தி, பெரிய தட்டு ஒன்றில் நெய்ச்சோற்றைக் குவித்து, அவரவர் பக்கத்தை அவரவர் உண்பது. ஆண்கள் மண்டபத்தில், பெண்கள் உள்ளறையில். சஹனில் ஒரு வழக்கம் உண்டு: நல்ல துண்டு கண்ணில் பட்டால் தான் எடுக்காமல், எதிரில் இருப்பவரின் பக்கம் வைப்பார்கள். வாயால் சொல்லாத அன்பை விரலால் சொல்கிற இடம் அது.

சியாமின் வாப்பா ஓர் ஈரல் துண்டை எடுத்து என் மகனின் பக்கம் நீட்டினார். நான் திரை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். முஹ்ஸின் கையை உயர்த்தினான்.

"பொறுங்க. ஜப்பான்ல சாப்பாட்டுக் குச்சியால ஒருத்தர் கொடுக்கிற துண்ட மத்தவர் இப்பிடி வாங்கவே மாட்டாங்க. ஏன் தெரியுமா? மையத்த எரிச்ச பொறகு, எலும்பப் பொறுக்கி, குச்சிக்குக் குச்சி மாத்திறது இப்பிடித்தான்."

மையத்தை எரிக்கிற கதை! அடக்கம் மட்டுமே செய்கிற எங்கட சனத்திடம்! சோற்றுக்கு முன்னால்!

ஈரல் அந்தரத்தில் நின்றது. ஒரு கை சஹனிலிருந்து பின்வாங்கியது, பிறகு இன்னொன்று. இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது, தொடாமலே எழும்பினார்கள். "யோசிச்சுச் சொல்றம்" என்றார்கள். யோசிக்கிறார்கள், யோசிக்கிறார்கள், இன்னும் யோசிக்கிறார்கள். ஓர் எலும்புக் கதையால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை வாசலில் நிற்கிறது.

பின்னால் நஸ்லா இருமுகிறாள். பாவம், தூசு போல.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் "நான் அங்க இரிக்கக்குள்ள" என்று கடைசியாக எப்போது வாய் திறந்தீர்கள்? அந்த 'அங்க' ஜப்பானாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை. டோஹாவாக இருக்கலாம், லண்டனாக இருக்கலாம், கொழும்பில் மூன்று மாதம் கொம்பியூட்டர் படித்த பம்பலப்பிட்டி ஒழுங்கையாகவும் இருக்கலாம். அப்போது எதிரில் இருந்தவர், தேத்தண்ணி ஆறுவதற்குள் குடித்துவிட்டு எழும்பினாரா? எழும்பினார் என்றால் கண்ணாடியில் ஒருமுறை முகத்தைப் பாருங்கள். இந்த வியாதி போனவருக்கு மட்டுமல்ல, போனவரைப் பார்க்கப் போனவருக்கும்...

"போதும் உம்மும்மா." நஸ்லா பேனையைப் பறித்துக்கொண்டாள். "முஹ்ஸின் மாமா அண்டைக்கு வாயே தொறக்கல்ல. ஈரல வாங்கித் தின்டுட்டு ரெண்டாம் தரம் சோறு கேட்டாரு. உள்ளுக்கு, பொம்பிளைங்கட சஹன்ல, சியாம்ட உம்மா உங்கட பக்கம் ஈரல் வைக்கக்குள்ள கைய உசத்தி எலும்புக் கதை சொன்னது நீங்க."

"என்ன கதை புள்ள இது?"

"உண்மைக் கதை. பதிலும் நேத்தே வந்திட்டு. ஓம் என்டுட்டாங்க. உங்களுக்கு எப்பிடிச் சொல்றதென்டுதான் எல்லாரும் முழிச்சிக்கொண்டு இருந்த. சியாம்ட உம்மா ஒண்டே ஒண்டுதான் கேட்டிரிக்கிறாங்க. கலியாணத்தண்டைக்கு உங்களுக்குத் தனிச் சஹனாம், ரெண்டு பக்கமும் காலியா. அவ்வளவு மரியாதையாம்."